இரண்டாவது தாக்கோல்

பெயின்ட் அடித்து மீந்த இருபது லிட்டர் வாளி.
மூடி இறுக்கம்; மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அடையும்.
அதற்குள் வீட்டுப் பிரமாணம், ரேஷன் கார்டு,
மகளின் பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட்,
மெழுகுதிரி, தீப்பெட்டி, குளுக்கோஸ் பொடி,
நூறு ரூபாய்த் தாள்களாகவே நாலாயிரம்.
ஊர் அடைத்துக் கிடக்கும்போது
ஐந்நூறுக்குச் சில்லறை எவன் தருவான்.

போன் செத்துப்போகும் என்று
நம்பர்களைத் தாளில் எழுத உட்கார்ந்தேன்.
பென்சிலால். நனைந்தாலும் ஊறாது.
அப்போதுதான் தெரிந்தது
மனப்பாடமாய் எனக்குத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று,
அதுவும் கேஸ் ஏஜென்சி.

திங்கள்சந்தையில் தேர்தலுக்கு இன்னும் பதினொரு நாள்.
முந்தாநாள் ஒரு பேனரைக் கிழித்தார்கள்.
நேற்று அதற்காக ஒரு பைக்கைக் கொளுத்தினார்கள்.
யார் பைக் என்று பார்த்துக் கொளுத்தவில்லை.
எங்கள் தெரு வாட்ஸப் குழு இப்போது இரண்டு.
இரண்டிலும் நான் இருக்கிறேன்.
ஒரே ராத்திரியில் இரண்டிலும் ஒரே வீடியோ வந்தது,
அடித்தவனும் அடிபட்டவனும் மட்டும் இடம் மாறி.

ஒரு தாக்கோல் என் கைப்பையில்.
இரண்டாவதை யாரிடம் கொடுப்பது?
நான் நாகர்கோவிலில் நைட் டூட்டியில் இருக்க,
ரோட்டை மறித்துவிட,
சர்க்கரை தாழ்ந்து மகள் கதவுக்குள்ளே சரிந்து கிடந்தால்
யாராவது வந்து திறந்து தூக்க வேண்டும்.
‘யாராவது’ என்று தாளில் எழுத முடியாது.

எழுதினேன்: ஹெப்சி. நாத்தனார். ஒரே சபை, ஒரே ஓட்டு.
அடித்தேன். நல்லவள்தான்.
பயந்துவிட்டால் போனை எடுக்கமாட்டாள்.
எழுதினேன்: சபைச் செயலாளர்.
எழுதின வேகத்திலேயே அடித்தேன்,
ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்லிவிடுவார்.
ஆட்டோ மாகீன். இது நின்றது.
ஒக்கி வருஷம், விழுந்து கிடந்த ரப்பர் மரங்களுக்கு இடையில்
ஆசாரிப்பள்ளம் வரை வண்டியைத் தூக்கித் தூக்கிக் கடத்தினவன்.
ஆனால் வீடு திருவிதாங்கோட்டில்.
மறியல் என்றால் அவனும் அந்தப் பக்கம்.

நாலாவது பெயருக்குப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீடு பத்மதாஸ். மொட்டைமாடியில் கொடி,
என் அடுக்களை ஜன்னலை விடப் பெரியது.
நாங்கள் பேசி ஏழு மாதம்.
அன்றைக்கு அவன் சொன்னதை நான் மறக்கவில்லை.
நான் சொன்னதும் மறக்கக்கூடியது இல்லை.
இதே பத்மதாஸ்தான்
கரண்டு இல்லாத பத்தொன்பது நாளும்
கடை ஜெனரேட்டரில், சோடா அடுக்கு ஒன்றைக் காலி செய்து
மகளின் இன்சுலினை வைத்திருந்தான்.
டீசலுக்குக் கணக்குச் சொல்லவில்லை.
அப்போது கொடி இல்லையா?
இருந்தது. சின்னது.

ராத்திரி ஒன்பதரைக்கு அடுக்களைக் கதவில் தட்டு.
பத்மதாஸ். லுங்கி மடிப்புக்குள் ஒரு துணிப்பை.
“எக்கா, இது இங்கன கெடக்கட்டு.”
பெண்டாட்டி வளையல், பிரமாணம், பிரஷர் மாத்திரை.
“நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.
இனி எங்க ஆளுவதான் முதல்ல எங்க வீட்டுக்கு வருவானுவ.”

எங்கே வரமாட்டாய் என்று நான் கேட்கவில்லை.
வாளியின் மூடியைத் திறக்க
இரண்டு பேருமாய் இழுக்க வேண்டியிருந்தது.
பிறகு தாக்கோலை நீட்டினேன்.
உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தான்.
“கொடிக்கம்புக்க மூட்டுல கட்டிப்போடுகேன்.
அங்க ஒருத்தனும் தேடமாட்டான்.”

காலையில் கொடி அதே அளவில் ஆடிக்கொண்டிருந்தது.
எனக்கு அது இப்போதும் பிடிக்கவில்லை.
தாள் யார் கையிலும் கிடைக்கலாம்,
நாலாவது வரியை வெறுமனே விட்டேன்.
மகள் வாசித்துவிட்டு, “நாலு யாரும்மா?” என்றாள்.
ஜன்னலைக் காட்டினேன்.

“அவங்களா?”
முகத்தைச் சுளித்தாள்.
ஏழு மாதமாய் நான் படிப்பித்த சுளிப்பு.